டி.எஸ்.எல்.ஆர் கமராவில் குறும்படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைக்கிளைப் படலையில் சாத்திவிட்டு, "அண்ணை, கனடா மாமா கமரா ஒண்டு அனுப்பியிருக்கிறார், குறும்படம் ஒண்டு எடுக்கப்போறம்" என்று வருகிறவர்கள் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். விறாந்தையில் இருத்தி வைத்து ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் உளைந்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். கமராப் பெட்டிக்குள் வருகிற கைநூலில் இவற்றில் பாதி இருக்காது. அதை எழுதினவருக்கு யாழ்ப்பாணத்துச் சோளகக் காற்றும் தெரியாது, எங்கள் குசினி ரியூப் லைற்றும் தெரியாது.

என்னிடம் நல்ல போன் இருக்கிறது. டி.எஸ்.எல்.ஆர் எதற்கு?

கதை கையில் இருந்தால் போனிலேயே நாளைக்கே எடுங்கள். கமரா வரட்டும் என்று காத்திருந்து கதையைப் பழசாக்கினவர்கள் பலரைக் கண்டிருக்கிறேன்.

டி.எஸ்.எல்.ஆர் என்றால் உள்ளே கண்ணாடி வைத்த, போட்டோக்காரர் கழுத்தில் தொங்குகிற பெரிய கமரா. அதில் கிடைப்பது இரண்டு விஷயம். லென்ஸை மாற்றலாம். எந்த முடிவையும் கமரா தானாக எடுக்காமல் நீங்களே எடுக்கலாம். போன், முகத்தில் வெயில் பட்டவுடன் உங்களைக் கேட்காமல் வெளிச்சத்தைக் குறைக்கும், நிழலுக்குப் போனால் கூட்டும். படம் பார்க்கிறவருக்கு அந்த மூச்சுவாங்கல் தெரியும்.

ஒன்றை மறக்கவேண்டாம். இது போட்டோ எடுக்கச் செய்த கமரா. வீடியோ பிறகு ஒட்டியது. 2008இல் நிக்கொன் டி90 முதலில் வீடியோ எடுத்தது. அதே வருஷம் கெனன் 5டி மார்க் 2 முழு எச்.டியோடு வந்தது. அதுவரை கலியாண வீடும் சாமத்திய வீடும் ரேப் போட்ட கமராவில் எடுத்துக்கொண்டிருந்த எங்கள் ஸ்ரூடியோக்காரரும் பிறகு மெல்ல மெல்ல இந்தப் பக்கம் வந்தார்கள். பின்னால் இருப்பது கலங்கி, முகம் மட்டும் தெளிவாகத் தெரிகிற அந்தத் தோற்றம் அப்போதுதான் சாதாரண ஆட்களின் கைக்கு எட்டியது. ஒட்டுவேலை என்பதால் குறைகளும் உண்டு: சத்தம் மோசம், நெடுநேரம் ஓடவிட்டால் சூடேறும், அநேகமானவை 29 நிமிடம் 59 செக்கனில் தானாக நின்றுவிடும். குறும்படத்தில் 30 நிமிட ஷொட் வைக்கிறவர் என்னிடம் வரத் தேவையில்லை.

எந்த மொடல் வாங்குவது? புதிதா, பழையதா?

பழையது. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனபிறகு புதுக் கமராவின் விலையைப் பார்த்தாலே தலை சுற்றும். கம்பனிகளும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கமராக்களுக்கு மாறிவிட்டதால் பாவித்த டி.எஸ்.எல்.ஆர் நிறையக் கிடைக்கிறது.

கெனன் 600டி, 700டி போதும். கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால் 70டி அல்லது 200டி. அவற்றில் வீடியோ எடுக்கும்போதும் ஓட்டோ போக்கஸ் ஒழுங்காக வேலை செய்யும். கெனன்தான் வேணும் என்று அடம்பிடிக்கவில்லை. உங்களுக்குத் தெரிந்த கலியாண வீட்டுப் போட்டோக்காரர் எந்தக் கம்பனி லென்ஸ் வைத்திருக்கிறாரோ, அந்தக் கம்பனி. இரவல் லென்ஸ் கிடைப்பதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

வாங்கப் போகும்போது சின்ன ரோச் லைற் ஒன்றைக் கொண்டுபோங்கள். லென்ஸைக் கழற்றி ஒருபக்கத்தால் ரோச் அடித்து மறுபக்கத்தால் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி ஏதும் படர்ந்திருந்தால் அது பூஞ்சை, விட்டுவிடுங்கள். மூடியைப் போட்டு, ஐ.எஸ்.ஓவை (கமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற எண்) 1600இல் வைத்துப் பத்துச் செக்கன் வீடியோ எடுத்துப் பாருங்கள். இருட்டில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் அசையாமல் நின்றால் படத்தை வாங்குகிற சென்சரில் பழுதான புள்ளிகள் இருக்கின்றன. மைக் குத்துகிற ஓட்டையில் மைக்கைக் குத்தி, வயரை மெல்ல ஆட்டிச் சத்தம் விட்டுவிட்டு வருகிறதா என்று கேளுங்கள். வெளிச்சத்தைத் திறந்து மூடுகிற ஷட்டர் எத்தனை தரம் அடித்தது என்று விற்பவர் பெருமையாகச் சொல்லுவார். போட்டோக்காரருக்கு அது முக்கியம். வீடியோ ஓடும்போது ஷட்டர் ஒவ்வொரு பிரேமுக்கும், அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப்படத்துக்கும், அடிப்பதில்லை, ஆகவே உங்களுக்கு அவ்வளவு இல்லை.

வாடகைக்கு எடுப்பதென்றால் முதலில் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். முகூர்த்த நாளில் யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும் கமரா அகப்படாது.

கனடாவிலிருந்து வந்த கமரா இங்கே வேலை செய்யுமா?

செய்யும். சார்ஜரில் 100–240 வோல்ற் என்று எழுதியிருந்தால் குத்துகிற தலைப்பை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் மெனுவில் ஒன்றை மாற்றாமல் எடுக்கத் தொடங்கினால் என் கதிதான் உங்களுக்கும்.

என் முதல் படத்தில் பெரியம்மா குசினியில் நின்று மகனோடு கதைக்கிற காட்சி ஒன்று. பின்னேரம் முழுக்க எடுத்தோம். இரவு லப்டொப்பில் போட்டுக் காட்டினால் பெரியம்மா தன் நடிப்பைப் பார்க்கவில்லை. "உது என்ன மோனை, சுவரில கறுப்புக் கறுப்பா ஓடுது?" என்று கேட்டா. ரியூப் லைற் வெளிச்சத்தில் மெல்லிய கறுப்புப் பட்டிகள் மேலிருந்து கீழே ஓடிக்கொண்டிருந்தன. கமராவின் சின்னத் திரையில் அது எங்கள் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

காரணம் இதுதான். எங்கள் கரண்ட் செக்கனுக்கு 50 தரம் துடிக்கிறது, லைற் அதனால் 100 தரம் மின்னுகிறது. கனடாவில் கரண்ட் 60 தரம். அங்கிருந்து வருகிற கமரா என்.ரி.எஸ்.சி என்கிற அந்தப் பக்கத்து வீடியோ முறையில், செக்கனுக்கு 30 பிரேமும், ஒரு பிரேமுக்கு 1/60 செக்கன் ஷட்டருமாக நிற்கும். 1/60 செக்கனுக்குள் எங்கள் லைற்றின் மின்னல் முழு எண்ணிக்கையில் அடங்காது, ஒன்றரைச் சொச்சம்தான் அடங்கும். மிச்சம் பட்டியாக விழும். 1/50 வைத்தால் சரியாக இரண்டு மின்னல் அடங்கும், பட்டி போய்விடும்.

மெனுவில் வீடியோ முறை என்ற இடத்துக்குப் போய் என்.ரி.எஸ்.சியைப் பால் என்று மாற்றுங்கள். பசுப்பால் இல்லை, அப்படி ஒரு முறை. பிறகு 25 பிரேம், 1/50 ஷட்டர். லண்டன், ஜேர்மனி, பிரான்ஸிலிருந்து வந்த கமரா அநேகமாக ஏற்கெனவே அப்படித்தான் இருக்கும். அங்கேயும் கரண்ட் 50தான்.

மனுவலில் எதை எதில் வைப்பது? பயமாக இருக்கிறது.

பயப்பட நாலு விஷயம்தான் இருக்கிறது. அதில் இரண்டை இப்போதே முடித்துவிட்டோம்: 25 பிரேம், 1/50 ஷட்டர். படம் முழுக்க அதைத் தொடாதீர்கள். ஷட்டர் பிரேமின் இரு மடங்கில் இருந்தால்தான் கை வீசும்போது எங்கள் கண்ணுக்குப் பழகின அந்த மெல்லிய இழுவை வரும். 1/500 வைத்தால் ஆள் நடப்பது வெட்டிவெட்டித் தெரியும்.

மிச்சம் இரண்டு: அப்பேச்சர், ஐ.எஸ்.ஓ. அப்பேச்சர் என்பது லென்ஸின் கண்மணி. எண் சின்னதென்றால் கண் பெரிசாகத் திறந்திருக்கிறது. வெளிச்சம் கூட வரும், தெளிவாகத் தெரிகிற தூரம் குறையும். கதைக்கு எவ்வளவு தெளிவு வேணுமோ அதைப் பார்த்து இதை முதலில் வையுங்கள். கடைசியாக ஐ.எஸ்.ஓவைக் கூட்டிக் குறைத்து வெளிச்சத்தைச் சரிக்கட்டுங்கள். 600டி, 700டியில் 1600க்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. மேலே போனால் இருட்டுப் பக்கமெல்லாம் எறும்பு ஊருகிற மாதிரிப் புள்ளிகள் தெரியும்.

ஒரு வாரம் படம் எடுக்கவேண்டாம். கமராவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு விறாந்தையிலிருந்து முற்றத்துக்கும் முற்றத்திலிருந்து அறைக்கும் நடந்து, ஒவ்வொரு இடத்திலும் இந்த இரண்டை மட்டும் மாற்றிப் பழகுங்கள். ஓட்டோவுக்கு ஒருதரமும் திரும்பாதீர்கள்.

வெளியில் எடுத்தால் எல்லாம் வெள்ளையாகப் போகிறதே?

எங்கள் வெயிலில் அப்படித்தான் போகும். ஐ.எஸ்.ஓ 100, ஷட்டர் 1/100 என்றால் பட்டப்பகலில் அப்பேச்சர் எஃப் 16 வேணும் என்பது பழைய போட்டோக்காரர் கணக்கு. நீங்கள் 1/50இல் நிற்கிறீர்கள், ஆகவே எஃப் 22. அதில் முகமும் வேலியும் பின்னால் நிற்கிற மாடும் எல்லாம் ஒரே தெளிவு. எஃப் 4 வேணுமென்றால் வெளிச்சத்தை ஒவ்வொரு படியிலும் பாதியாக்கி ஐந்து படி குறைக்கவேணும். லென்ஸுக்கு முன்னால் போடுகிற கறுப்புக் கண்ணாடி, என்.டி பில்ற்றர் என்பார்கள், அதற்குத்தான். ஐந்து படிக்கு என்.டி 32. லென்ஸுக்குக் கூலிங் கிளாஸ் போடுகிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கமராவோடு வருகிற கெனன் 18-55 லென்ஸின் வாய் 58 மில்லிமீற்றர். அந்த அளவில் ஒன்று வாங்கி, சின்ன லென்ஸுக்கு இடையில் வளையம் போட்டால் ஒன்றே எல்லாவற்றுக்கும் ஆகும்.

ஷட்டரைக் கூட்டினால் சரிதானே என்று கேட்பீர்கள். சரிதான், வெட்டிவெட்டி நடப்பதுதான் உங்களுக்கு வேணும் என்றால்.

அதைவிட நல்ல வழி மத்தியானத்தில் எடுக்காமல் விடுவது. சித்திரைப் புதுவருஷத்தை ஒட்டின நாட்களிலும் ஓகஸ்ட் கடைசியிலும் யாழ்ப்பாணத்தில் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேல் வரும். பன்னிரண்டேகாலுக்கு உங்கள் நிழல் உங்கள் காலுக்குள் கிடக்கும். அந்த நேரம் முகத்தை எடுத்தால் மூக்குக்குக் கீழே மீசையும் கண் இருந்த இடத்தில் இரண்டு குழியும் தெரியும். காலை எட்டரைக்கு முன், பின்னேரம் நாலரைக்குப் பின். இடையில் வீட்டுக்குள் காட்சிகளை எடுங்கள், இல்லாவிட்டால் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.

ஒரு குறிப்பு: கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் தோட்டத்தில் வெயில் நிலத்தில் பட்டுத் தெறித்து முகத்தைக் கீழிருந்து சிவப்பாக்கும். மணல்காட்டு மணலில் அதே வெயில் வெள்ளையாகத் தெறிக்கும். ஒரே நாளில் இரண்டு இடத்திலும் எடுத்து ஒரே காட்சியாக ஒட்டப் பார்த்தால் நடிகைக்கு இரண்டு நிறம்.

நிழலில் நிற்கிற முகத்துக்கு வெளிச்சம் வேணுமென்றால் வெள்ளை ரெஜிபோம் (தெர்மோகோல்) பலகை ஒன்றை எதிரே பிடியுங்கள். அதுவும் இல்லையென்றால் அப்பப்பாவின் வெள்ளை வேட்டி.

வெள்ளைச் சமநிலை என்பது என்ன? ஓட்டோவில் விட்டால் போதாதா?

போதாது. எந்த வெளிச்சத்திலும் வெள்ளை வெள்ளையாகவே தெரியக் கமராவுக்கு வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லிவைப்பதுதான் வெள்ளைச் சமநிலை. ஓட்டோவில் விட்டால் ஆள் திரும்பும்போதே நிறம் மாறும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்லுவார்கள்: பகல் வெளிச்சத்துக்கு 5600 கெல்வின், மஞ்சள் பல்புக்கு 3200. கமராவில் எண் வைக்க இடமில்லாவிட்டால் சூரியன் படமும் பல்புப் படமும் இருக்கும், அதை வையுங்கள். யன்னலால் பகல் வெளிச்சமும் உள்ளே ரியூப் லைற்றும் சேர்ந்து கிடந்தால் ரியூப் லைற்றை நூர்த்துவிடுங்கள்.

கிற் லென்ஸ் போதுமா? 50 எம்.எம் வாங்கட்டா?

கிற் லென்ஸ் என்று கூட வருகிற 18-55ஐ எல்லாரும் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். பகலில் அது நன்றாக வேலை செய்யும். அதன் குறை ஒன்று: சூம் பண்ணப் பண்ணக் கண் தானாகச் சுருங்கும், 3.5இல் இருந்து 5.6க்கு. ஷொட் ஓடும்போது சூம் பண்ணினால் படம் இருட்டிக்கொண்டு போகும். ஆகவே ஓடும்போது சூம் வேண்டாம். பொதுவாகவே வேண்டாம், கலியாண வீடியோ மாதிரி இருக்கும்.

50 எம்.எம் எஃப் 1.8 லென்ஸ்தான் எல்லாருடைய கனவு. முகம் எடுக்க வடிவானது, விலையும் மலிவு. ஆனால் இந்தச் சின்ன சென்சர்க் கமராக்களில் அது 80 எம்.எம் மாதிரி நெருங்கித் தெரியும். பத்தடிக்குப் பத்தடி அறையில் இரண்டு பேரை ஒரே பிரேமில் எடுக்க வேணுமென்றால் நீங்கள் யன்னலுக்கு வெளியே செவ்வரத்தம் பற்றைக்குள் நிற்கவேண்டி வரும். நான் நின்றிருக்கிறேன், முசுறுக் கடியும் வாங்கியிருக்கிறேன். எங்கள் வீடுகளுக்கு அகலமாகத் தெரிகிற 24 எம்.எம் எஃப் 2.8தான் பொருத்தம். ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்கலாம் என்றால் அதைத்தான் சொல்லுவேன்.

முகம் அடிக்கடி கலங்கிப்போகிறது. என்ன செய்வது?

எஃப் 1.8ஐ விட்டுவிடுங்கள். ஒரு கணக்குச் சொல்லுகிறேன். 50 எம்.எம் லென்ஸை 1.8இல் வைத்து ஒன்றரை மீற்றர் தூரத்தில் முகத்தை எடுத்தால், தெளிவாகத் தெரிகிற இடத்தின் மொத்தத் தடிப்பு ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர். நடிக்கிறவர் தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கக் கொஞ்சம் முன்னால் குனிந்தால் போச்சு. அதையே எஃப் 4இல் வைத்தால் ஏறக்குறைய 13 சென்ரிமீற்றர் கிடைக்கும். தேத்தண்ணி குடிக்கலாம்.

600டி, 700டியில் வீடியோ ஓடும்போது ஓட்டோ போக்கஸை நம்பாதீர்கள். போக்கஸைத் தேடி முன்னும் பின்னும் அலையும், லென்ஸின் உறுமலும் மைக்கில் விழும். எடுக்க முதல் திரையில் பெரிதாக்குகிற பொத்தானை அழுத்தி, கண்ணிமையில் போக்கஸ் வைத்து, லென்ஸை மனுவலுக்கு மாற்றுங்கள். ஆள் நடந்து வருகிற ஷொட் என்றால் அவர் வந்து நிற்கும் இடத்தில் நிலத்தில் ஈர்க்கு ஒன்றைக் குத்தி அங்கே போக்கஸ் வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

சத்தம் ஏன் இவ்வளவு மோசம்?

இதைத்தான் முதலாவதாகக் கேட்டிருக்க வேணும். ஒருவரும் கேட்பதில்லை. எடுத்து முடித்து எடிற்றிங்கில் இருந்துகொண்டுதான் போன் அடிப்பார்கள்.

கலங்கின படத்தை ஆட்கள் பொறுப்பார்கள். என்ன கதைக்கிறார்கள் என்று விளங்காவிட்டால் இரண்டு நிமிடத்தில் பக்கத்தில் இருக்கிறவரோடு கதைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

கமராவுக்குள் இருக்கிற மைக், கமராவைப் பிடித்திருக்கிற உங்கள் விரலைத்தான் முதலில் கேட்கும். போதாக்குறைக்கு ஓட்டோ சத்த அளவு வேறு: நடிகர் பேசாமல் இருக்கும்போது கமரா "ஏன் ஒன்றும் கேட்கவில்லை" என்று தானாகச் சத்தத்தைக் கூட்டி, தூரத்து நாய் குரைப்பை வீட்டுக்குள் கொண்டுவரும். மெனுவில் ஒலிப்பதிவை மனுவலாக்கி, சாதாரணக் கதை –12 டெசிபலை ஒட்டி ஆடுகிற மாதிரி வையுங்கள்.

மலிவான வழி, சட்டையில் குத்துகிற சின்ன மைக் ஒன்றை ஒரு போனில் பொருத்தி, போனை நடிகரின் பொக்கற்றுக்குள் போடுவது. நாடிக்கு ஒரு சாண் கீழே மைக். போனை விமான நிலைக்கு மாற்ற மறக்கவேண்டாம். ஒவ்வொரு ஷொட்டின் தொடக்கத்திலும் கமராவுக்கு முன்னால் ஒருதரம் கை தட்டுங்கள். கை சேர்கிற பிரேமையும் தட்டின சத்தத்தையும் எடிற்றிங்கில் ஒன்றாக வைத்தால் வாயும் குரலும் சேர்ந்துவிடும்.

மைக் வாங்கும்போது குத்துகிற தலையைப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையம் இருந்தால் போனுக்கு, இரண்டு வளையம் இருந்தால் கமராவுக்கு. மாறிக் குத்திவிட்டுப் பழுது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்கள் உண்டு. இரண்டுக்கும் பொதுவான மைக்கில் சின்னச் சுவிச் ஒன்று இருக்கும், சிலதில் பொத்தான் பற்றறியும் உண்டு. அந்தப் பற்றறி படப்பிடிப்பு அன்றுதான் சாகும். இன்னொன்று கையில் இருக்கட்டும்.

இனி எங்கள் ஊர்ப் பிரச்சினை. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம். பனங்கூடலுக்குள் காதல் காட்சி எடுக்க எல்லாருக்கும் ஆசை. அரியாலைப் பக்கம் ஒரு கூடலில் நாங்களும் எடுத்தோம், ஆனி மாதம். படம் அவ்வளவு வடிவு. காதில் ஹெட்போன் போட்டவர் ஒருவரும் இல்லை. வீட்டுக்கு வந்து கேட்டால் தலைக்கு மேலே முழு ஓலையும் அடிக்கிற சரசரப்பு, அதற்குள் எங்கேயோ ஒரு பெண்பிள்ளையின் குரல். கடைசியில் அந்தப் பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிட்டு, அம்மாவின் சேலை அலுமாரிக் கதவைத் திறந்து, சேலைகளுக்குள் முகத்தைக் கொடுத்துக்கொண்டு வசனத்தைத் திரும்பச் சொல்லவைத்துப் பதிந்தோம். துணி எதிரொலியைக் குடித்துவிடும். பலரும் அது கூடலுக்குள் பதிந்தது என்றே நினைத்தார்கள்.

ஆகவே மைக்குக்குப் பஞ்சு உறை போடுங்கள். காற்றடிக்கிற மாதங்களில் வசனக் காட்சியை மதில் மறைவுக்குக் கொண்டுபோங்கள். ஆனி, ஆடி, ஆவணியில் ஊர்க்கோயில்கள் ஒவ்வொன்றாகக் கொடியேறும், லவுட்ஸ்பீக்கர் கட்டுவார்கள். அந்த நாட்களைக் குறித்துவைத்து விலத்துங்கள். அயலட்டையில் தண்ணீர் மோட்டர் எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்று முதல்நாளே விசாரியுங்கள். பிரிட்ஜை நூர்க்கலாம், பிறகு போட மறந்தால் மீன் பழுதாகும். அதனால் உங்கள் மோட்டார் சைக்கிள் சாவியைப் பிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள், வீட்டுக்குப் போக முதல் ஞாபகம் வரும்.

எடுத்து முடிந்ததும் எல்லாரையும் அரை நிமிடம் பேசாமல் நிற்கச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் சத்தத்தைப் பதியுங்கள். வசனங்களுக்கு இடையில் ஒட்டுப்போட அது வேணும்.

கிம்பல் வேணுமா?

ட்ரைபொட் என்கிற முக்காலி வேணும். நடந்தாலும் கமரா ஆடாமல் தானாகச் சமன்செய்கிற மோட்டர்க் கைபிடிதான் கிம்பல், அதைப் பிறகு பார்க்கலாம். கையில் வைத்து எடுப்பதென்றால் கமராப் பட்டியைக் கழுத்தில் இறுக்கி முன்னால் தள்ளிப் பிடியுங்கள், ஆட்டம் பாதி குறையும்.

கமராவைச் சடாரென்று திருப்பாதீர்கள். இந்த சென்சர் படத்தை மேலிருந்து கீழே வரிவரியாக வாசிக்கிறது. வேகமாகத் திருப்பினால் மேல்வரி ஓரிடத்திலும் கீழ்வரி இன்னோரிடத்திலும் விழுந்து, நேராக நிற்கிற பனை சரிந்து தெரியும். யாழ்தேவி ரயில் யன்னலால் எடுத்தால் தந்திமரங்கள் எல்லாம் விழப்போகிற மாதிரி ஓடும். அதைத் திருத்த முயலாமல், தூரத்து வயலை எடுங்கள்.

இரண்டு பேர் கதைப்பதை எடுத்தால் ஏன் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி வருகிறது?

கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். கிணற்றடியில் அக்காவும் தங்கச்சியும் எதிரெதிரே நிற்கிறார்கள் என்று வையுங்கள். இருவரின் மூக்கையும் சேர்த்து ஒரு கயிறு கட்டியிருப்பதாக நினையுங்கள், அதுதான் கோடு. கமரா முழுக் காட்சிக்கும் கயிற்றின் ஒருபக்கத்தில்தான் நிற்கவேணும். அப்போது அக்கா எப்போதும் வலப்பக்கம் பார்ப்பா, தங்கச்சி இடப்பக்கம். துலாவைப் பின்னணியில் கொண்டுவரும் ஆசையில் மற்றப் பக்கம் போனால் இருவரும் ஒரே திசை பார்ப்பார்கள். துலா வேணுமென்றால் அவர்களை இடம் மாற்றுங்கள்.

நடிக்கிறவர்கள் கமராவையே பார்க்கிறார்களே?

வேலை கொடுங்கள். வெங்காயம் உரிக்கட்டும், தேங்காய் துருவட்டும், சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடட்டும். குசினிக் காட்சியைத் திரும்ப எடுத்த அன்று பெரியம்மாவை உண்மையிலேயே சமைக்கவிட்டோம். நாலாம் தரம் எடுக்கும்போது, "கெதியா முடி மோனை, உலையில அரிசி கிடக்குது" என்று மகனாக நடித்தவரைப் பார்த்துச் சொன்னா. எழுதின வசனத்தை வெட்டிவிட்டு அதைத்தான் படத்தில் வைத்தோம்.

எங்கே வேணுமென்றாலும் எடுக்கலாமா?

இல்லை. யாழ்ப்பாணக் கோட்டை தொல்பொருள் திணைக்களத்தின் கீழ் இருக்கிறது. போனில் ஒரு படம் எடுப்பது வேறு, ட்ரைபொட்டும் பத்துப் பேருமாகப் போவது வேறு. எழுதிக் கேட்டு அனுமதி எடுங்கள். நல்லூர்க் கோயிலுக்குள் கமராவுக்கு இடமில்லை, வெளிவீதியோடு நில்லுங்கள். இராணுவ முகாமோ காவலரணோ பிரேமின் மூலையில்கூட வரவேண்டாம். ட்ரோன் பறக்கவிட நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேணும், பலாலி விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒழுங்கையில் எடுக்க எவரும் கடிதம் கேட்கமாட்டார்கள். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் முதல்நாள் போய்ச் சொல்லிவிடுங்கள். சொன்னால் கதிரையும் தேத்தண்ணியும் வரும். சொல்லாவிட்டால் நாய் வரும்.

மெமரி காட் எவ்வளவு வேணும்?

பழைய கெனனில் முழு எச்.டி ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 330 எம்.பி பிடிக்கும். 32 ஜி.பியில் ஒன்றரை மணித்தியாலம். கிளாஸ் 10 என்று எழுதின காட் இரண்டு வைத்திருங்கள். பற்றறியும் இரண்டு, திரை எப்போதும் எரிவதால் ஒரு பற்றறி ஒன்றரை மணித்தியாலம் நின்றாலே பெரிசு. அன்றிரவே இரண்டு இடத்தில் பிரதி எடுத்துத் திறந்து பார்த்த பிறகுதான் காட்டை அழிக்கலாம். எங்கள் குழுவில் ஒருவர் பிரதி எடுத்துவிட்டேன் என்று நினைத்து அழித்தார். அவர் இன்னும் என் கூட்டாளிதான். காட்டை மட்டும் கையில் கொடுப்பதில்லை.

எடிற்றிங் எதில்? தமிழ் எழுத்து உடைகிறதே?

டாவின்சி ரிசொல்வ் இலவசமாகவே கிடைக்கிறது, குறும்படத்துக்கு அது தாராளம். பழைய லப்டொப் திணறினால் கெடென்லைவ். இரண்டிலும் பெரிய கோப்புகளுக்குச் சின்னப் பிரதி செய்து அதில் வெட்டும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்துங்கள்.

தமிழ்த் தலைப்புப் போடும்போது கொம்பும் காலும் இடம்மாறி நின்றால் அது எழுத்துருவின் பிழை இல்லை, அந்த மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. பிரீமியரில் என்றால் அமைப்புகளில் தெற்காசிய எழுத்துமுறை என்று ஒன்று இருக்கும், அதைத் தெரிவுசெய்யுங்கள். எதுவும் சரிவராவிட்டால் தலைப்பை வேறோர் இடத்தில் அடித்து, பின்னணி இல்லாத படமாகச் சேமித்து மேலே வையுங்கள். "கொ" என்ற எழுத்து ஒழுங்காக வருகிறதா என்று பார்த்தால் போதும், மிச்சமும் வரும்.

கமராவை எப்படிப் பாதுகாப்பது?

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் கமராவை அதன் பைக்குள்ளேயே பூட்டி வைத்தால் தையில் பூஞ்சைதான் கிடைக்கும். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டி, அதற்குள் சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா பொட்டலங்கள். அரிசிக்குள் வைக்காதீர்கள், தவிடு உள்ளே போகும். பண்ணைப் பாலத்திலோ குறிகட்டுவான் இறங்குதுறையிலோ எடுத்தால் வீட்டுக்கு வந்தவுடன் மெல்லிய ஈரத்துணியால் உடம்பைத் துடையுங்கள், உப்புப் படிந்திருக்கும். கடற்கரையில் லென்ஸ் மாற்றவே வேண்டாம்.

முதல் படம் எவ்வளவு நீளம்? எங்கே காட்டுவது?

ஐந்து நிமிடம். இரண்டு ஆள், ஒரு வீடு, ஒரு பின்னேரம். 2015இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழா மாதிரியான இடங்களுக்கு இரண்டாவது மூன்றாவது படத்தை அனுப்பலாம். முதல் படத்தைப் பெரியம்மா வீட்டு வெள்ளைச் சுவரில், இரவல் புரொஜெக்டரில், ஊராட்களுக்குக் காட்டுங்கள். நீங்கள் திரையைப் பார்க்கவேண்டாம், பின்னுக்கு நின்று எந்த இடத்தில் ஆட்கள் போனைக் கையில் எடுக்கிறார்கள் என்று பார்த்து நிமிடத்தைக் குறியுங்கள். படம் தொடங்க முதல் ரியூப் லைற்றை நூர்க்கச் சொல்லுங்கள்.